சங்கத்தின் பழைய இணையத்தளம்: புதிதாகக் கட்டுவதா, இருப்பதைச் செப்பனிடுவதா?

புதிய செயலாளர், ஈசூன் | திங்கள், இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஏறத்தாழ இருநூறு உறுப்பினர்களைக் கொண்ட ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளராகச் சென்ற மாதம் பொறுப்பேற்றேன். சங்கத்தின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். காரணம் கீழே புரியும். எங்கள் இணையத்தளத்தை 2014இல் தொண்டூழியர் ஒருவர் வேர்ட்பிரஸ் என்ற உள்ளடக்க மேலாண்மை முறையில் (நிரல் தெரியாதவரும் கட்டுரை ஏற்ற உதவும் மென்பொருளில்) அமைத்துக் கொடுத்தார். அவர் இப்போது பெர்த்தில் குடியேறிவிட்டார். கட்டுரைகள், கவிதைகள், கூட்டக் குறிப்புகள் என்று எழுநூறுக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் இருக்கின்றன.

தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் வழங்கி நிறுவனம், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் 7.4ஆம் பதிப்பை நிறுத்திவிட்டு எங்கள் கணக்கை 8.2க்கு மாற்றியது. மறுநாள் முதல் தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கமும் ஒற்றை வரிப் பிழைச் செய்தியும்தான் தெரிகின்றன. அதைவிட வெட்கமான செய்தி ஒன்று உண்டு. கூகளில் சங்கத்தின் பெயரைத் தேடினால், எங்கள் முகவரியின் கீழேயே ஜப்பானிய மொழியில் கைப்பைகளும் காலணிகளும் விற்பனைக்கு வருகின்றன.

ஒரு நிறுவனத்தை அணுகினோம். பழையதைத் தொடவே முடியாது, வேறொரு உள்ளடக்க மேலாண்மை முறையில் புதிதாகக் கட்டித் தருகிறோம், 9,000 வெள்ளி என்று விலை சொன்னார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சி இருக்கிறது. அதற்கு முன்பதிவுப் படிவமும் வேண்டும். எந்த முறைக்கு மாறுவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.


இராக்காவல், செங்காங் | திங்கள், இரவு 11.55

எந்த முறைக்கு மாறுவது என்ற கேள்வியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள், ஐயா. வழங்கிகளை இரவில் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இதே கதையை ஆண்டுக்குப் பலமுறை பார்க்கிறேன்.

உங்களுக்கு வந்திருப்பவை இரண்டு தனித்தனி நோய்கள். வெள்ளைப் பக்கம் வயதினால் வந்தது. பிஎச்பி 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. வழங்கி நிறுவனம் அதை நிறுத்தியதில் தவறில்லை. 2014ஆம் ஆண்டு வார்ப்புருக்களிலும் (தளத்தின் தோற்றத்தை அமைப்பவை) செருகுநிரல்களிலும் (கூடுதல் வசதி தருபவை) பயன்பட்ட சில பழைய செயற்கூறுகள் பிஎச்பி 8இல் அறவே நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை உங்கள் வார்ப்புரு அழைக்கிறது, அது இல்லாததால் தளம் முழுவதும் நின்றுபோகிறது. 2019இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், இப்படி நேரும்போது நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பு தானாகப் போகும். அந்த மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். பெர்த்தில் இருப்பவருடையதாக இருக்கும் என்பது என் ஊகம். உங்களுக்கு வேண்டிய சாவி அவருடைய குப்பை அஞ்சல் பெட்டியில் கிடக்கலாம்.

ஜப்பானியக் கைப்பைகள் ஊடுருவலினால் வந்தவை. இது பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் பழகிய தாக்குதல்தான். உங்கள் தளத்துக்குள் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களை நட்டுவிடுவார்கள். கூகளின் தேடுபொறி வந்தால் அந்தப் பக்கங்களைக் காட்டும் நிரல், சாதாரண வாசகர் வந்தால் வழக்கமான பக்கத்தையே காட்டும். அதனால்தான் உறுப்பினர் எவருக்கும் மாதக்கணக்கில் ஐயம் எழாது.

எதையும் அழிக்காதீர்கள். நோயோடு இருக்கும் நிலையிலேயே கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் முழுமையாக நகலெடுத்து வழங்கிக்கு வெளியே வையுங்கள். பிறகு தளத்தை மூடி, 'பராமரிப்பில் உள்ளது' என்று ஒரு வெறும் பக்கத்தைப் போடுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் மூலக் கோப்புகளை அதிகாரத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். செருகுநிரல்களையும் அவ்வாறே செய்யுங்கள். பழையதைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். படங்கள் சேரும் கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அது பெரும்பாலும் திருடன் விட்டுச்சென்ற பின்கதவு. தள உரிமையாளர்களுக்கான கூகளின் கருவியான சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலையும் பார்க்க வேண்டும். ஊடுருவியவர்கள் தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது இந்தத் தாக்குதலின் வழக்கம். கடைசியாகக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றி, அமைவுக் கோப்பிலுள்ள இரகசியச் சரங்களையும் மாற்றுங்கள். அவற்றை மாற்றினால்தான் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள்.

எழுநூறு பதிவுகளும் தரவுத்தளத்தில் இருக்கின்றன, வார்ப்புருவில் இல்லை. ஆகவே பழையதைத் தொடவே முடியாது என்று சொன்னவர்கள் உங்களுடைய வசதியை நினைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு கேள்வி: அந்த வார்ப்புருவைக் காசு கொடுத்து வாங்கினீர்களா?


கிளமெண்டி மாணவர் | செவ்வாய், காலை 8.10

வணக்கம், அண்ணா. நிலைப்பக்கத் தளமாக மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் வராது என்பது என் கருத்து. ஹ்யூகோ போன்ற கருவியில் கட்டுரைகளை எளிய உரைக் கோப்புகளாக வைத்தால், அது முழுத் தளத்தையும் முன்கூட்டியே பக்கங்களாக ஆக்கிவிடும். வழங்கியில் தரவுத்தளமும் பிஎச்பியும் இல்லாததால் உடைத்து நுழையக் கதவே இருக்காது. பக்கங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். இவ்வளவு சிறிய தளத்துக்கு வழங்கிச் செலவும் பெரும்பாலும் இல்லை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், அரசாங்கத் தளங்களுக்காக உருவாக்கிய ஐசோமர்கூட இந்த நிலைப்பக்க வழியைத்தான் பின்பற்றியது.


ஓய்வுபெற்ற ஆசிரியை, அங் மோ கியோ | செவ்வாய், பிற்பகல் 2.45

தம்பி கூறும் நன்மைகள் எல்லாம் மெய்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தளத்தில் நாளைக்கு யார் எழுதுவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் வாசகர் வட்டத்துக்கு உங்களைப் போன்ற ஒரு பிள்ளை இதே முறையில் மிக அழகான தளம் அமைத்துக் கொடுத்தான். அவன் இருந்தவரை கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பினால் அன்றிரவே ஏறிவிடும். பிறகு அவன் தேசிய சேவைக்குப் போனான். முகாமிலிருந்து புக்அவுட் ஆகி வீடு வரும் சனிக்கிழமைகளில் அவனுடைய தாயாரை அழைத்து, 'கட்டுரை ஒன்று இருக்கிறது, தம்பி தூங்கி எழுந்தவுடன் சொல்லுங்கள்' என்று கெஞ்சும் நிலைக்கு வந்தோம். இரண்டு ஆண்டுகளில் ஐந்தே கட்டுரைகள் ஏறின. தளத்தை ஒருவரும் உடைக்கவில்லை என்பது உண்மை. ஒருவரும் படிக்கவில்லை என்பதும் உண்மை.

எனக்கு அறுபத்தெட்டு வயது. கட்டுரையைக் கட்டம் கட்டமாக அமைக்கும் வேர்ட்பிரஸ்ஸின் கட்டத் தொகுப்பி 2018 டிசம்பரில் வந்தபோது திட்டித் தீர்த்தேன், இப்போது கைப்பேசியிலேயே கட்டுரை ஏற்றுகிறேன். கோப்பில் நட்சத்திரக் குறி போட்டுத் தடித்த எழுத்தாக்கி, அதை ஒரு களஞ்சியத்துக்குத் தள்ள வேண்டும் என்று சொன்னால் நான் எழுதுவதையே நிறுத்திவிடுவேன்.


கிளமெண்டி மாணவர் | செவ்வாய், மாலை 6.30

ஆசிரியை அம்மா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நிலைப்பக்கங்களுக்கும் எளிய எழுதுமுகத்தை இணைக்க முடியும் என்று எழுத வந்தேன். ஆனால் அந்த இணைப்பைப் பராமரிக்கவும் ஒருவர் வேண்டும். நானும் அடுத்த ஏப்ரலில் சேவைக்குப் போகிறேன்.


புதிய செயலாளர், ஈசூன் | புதன், இரவு 9.05

இராக்காவல் ஐயாவின் ஊகம் சரி. மீட்பு இணைப்பு பெர்த் நண்பரின் குப்பை அஞ்சலில் இருந்தது. அவர் அன்புடன் அனுப்பிவைத்தார். வழங்கிக் கட்டணம் இத்தனை ஆண்டுகளாக அவருடைய சொந்தக் கடன் அட்டையிலிருந்தே போயிருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வார்ப்புருவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய அந்த வார்ப்புருவை யாரோ ஒருவர் இலவசமாகத் தந்தாராம். ஊடுருவல் அதன் வழியாகத்தான் வந்ததா?

உள்ளே போய்ப் பார்த்தபோது பதினொரு நிர்வாகிக் கணக்குகள் இருந்தன. அவற்றுக்குரியவர்களுள் முன்னாள் தலைவர்கள் மூவர், காலமான ஒருவர், அடையாளம் தெரியாத ஒருவர். அது போக, ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லுடன் பயன்படுத்திய பொதுக் கணக்கு ஒன்றும் இருந்தது. முன்பதிவுப் படிவச் செருகுநிரலில் 2015 முதல் 2018 வரை நிகழ்ச்சிகளுக்குப் பதிந்துகொண்ட அறுநூற்றுச் சொச்சம் பேரின் பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை எண் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அவற்றை உடனே அழித்துவிடலாமா?


பொங்கோல் தரவுக்காரி | புதன், இரவு 10.40

அழிக்க வேண்டியவைதாம். ஆனால் இந்த நிமிடமே அழித்துவிடாதீர்கள், ஐயா.

அடையாள அட்டை எண்ணைச் சட்டம் கேட்கும் இடங்களிலும், ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்தே தீர வேண்டிய இடங்களிலும் அன்றி, அமைப்புகள் திரட்டக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. கவியரங்கத்துக்கு நாற்காலி போட அந்த எண் எதற்கும் தேவையில்லை. பல சங்கங்களில் பழைய காகிதப் படிவத்தைப் பார்த்து இணையப் படிவம் செய்யும்போது அந்தக் கட்டமும் கூடவே வந்துவிடுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஏப்ரல் படிவத்தில் பெயரும் தொடர்பு எண்ணும் போதும். நிகழ்ச்சி முடிந்து இத்தனை நாள்களில் நீக்கப்படும் என்று ஒரு வரியும் சேருங்கள்.

இப்போது உங்கள் முன்னிருப்பது வேறு கேள்வி. நிர்வாகி உரிமையுள்ள அந்நியர் ஒருவர் உள்ளே இருந்திருக்கிறார். அவர் கைக்கு எட்டும் இடத்தில் அறுநூறு பேரின் விவரங்கள் இருந்திருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவுக் கசிவு 500 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ பாதித்தால், அல்லது ஒருவருக்குக் கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடியதாக இருந்தால், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று மதிப்பிட்ட பிறகு 3 நாள்களே அவகாசம். வார இறுதியும் அதில் சேரும். ஆகவே இராக்காவல் சொன்ன முழு நகலைப் பத்திரப்படுத்துங்கள், உங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி யார் என்று பாருங்கள், செயலவையைக் கூட்டி மதிப்பீட்டை எழுத்தில் பதிவு செய்யுங்கள். தொண்டூழிய அமைப்பு என்பதால் சட்டம் கண்டுகொள்ளாது என்று நினைக்கும் செயலவை உறுப்பினர் ஒருவராவது இருப்பார். அவரிடம் பொறுமையாகப் பேசுங்கள்.

நேரடித் தளத்திலிருந்து நீக்கினாலும், காப்புநகல்கள் ஒவ்வொன்றிலும் அந்த அறுநூறு பேரும் தொடர்ந்து குடியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.


இராக்காவல், செங்காங் | வியாழன், அதிகாலை 3.15

அந்த வார்ப்புருவைப் பற்றி. விலையுள்ள மென்பொருளின் பூட்டை உடைத்து இலவசமாகத் தருபவர்கள், அதில் தங்களுக்கென்று ஒரு சாவியையும் வைத்துத்தான் தருவார்கள். எப்போதும் அப்படியா என்றால் உறுதியாகச் சொல்ல மாட்டேன், பெரும்பாலும் அப்படித்தான். ஊடுருவல் வேறு வழியில் வந்திருந்தாலும், அதிகாரபூர்வமாக வாங்காத வார்ப்புருவுக்குப் புதுப்பிப்பு வராது. 2014இல் இருந்த ஓட்டை இன்றும் ஓட்டையாகவே இருக்கும்.

வேறு முறைக்கு மாறினால் இது தீருமா என்று கேட்பவர்களுக்காக: அதே வகை மென்பொருள்களான ஜூம்லா 3க்கு 2023 ஆகஸ்ட்டிலும், ட்ரூபல் 7க்கு 2025 ஜனவரியிலும் ஆதரவு முடிந்தது. அவற்றில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காத சங்கங்களும் உங்களைப் போலத்தான் இப்போது கையைப் பிசைந்துகொண்டிருக்கின்றன. எந்த முறையானாலும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் அதற்கென்று உட்கார ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் பெயர் கூட்டக் குறிப்பில் ஏறாதவரை 9,000 வெள்ளியும் வீண்.


புக்கிட் பாஞ்சாங் நிரலர் | வியாழன், இரவு 8.50

பாதுகாப்பைப் பற்றி வேண்டிய அளவு பேசியாயிற்று. தளம் மறுபடி எழுந்து நின்ற பிறகு என்ன செய்வது என்று சற்று நீளமாக எழுதுகிறேன். இங்குள்ள தமிழ்த் தளங்கள் பலவற்றைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: தமிழ்த் தளம் என்கிறோம், ஆனால் அந்தத் தளத்துக்குத் தமிழ் தெரியாது.

முகவரியிலிருந்து தொடங்குகிறேன். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து பக்கத்தின் முகவரித் துண்டைத் தானாகச் செய்துகொள்ளும். அதற்கு 200 எழுத்துகளே இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓரிடம் போதும். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒன்று 3 பைட். முகவரிக்காக விழுக்காட்டுக் குறிகளோடு (%) எழுதும்போது அது 9 இடங்களைப் பிடிக்கும். உயிர்மெய்யில் வரும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதை நினைவில் வையுங்கள். 'சிங்கப்பூர்த்' என்ற சொல்லில் மட்டும் 13 குறிகள், அதாவது 117 இடங்கள். 'சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்கள்' என்று தலைப்பிட்டால், 200ஆவது இடம் 'எழுத' என்பதோடு முடிந்துவிடும். அதே சொற்களில் தொடங்கும் இரண்டாவது கட்டுரையை ஏற்றினால், பின்னொட்டு எண்ணுக்கு இடம் விட வேண்டி இன்னும் ஓர் எழுத்து உதிர்ந்து, முகவரி 'எழு-2' என்று முடியும். மூன்றாவது 'எழு-3'. யாரையோ அதட்டி எழுப்புவது போல இருக்கும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் இந்த முகவரி சில வேளைகளில் ஐந்தாறு வரிக்கு விழுக்காட்டுக் குறிகளாக நீண்டு, நடுவில் வெட்டுப்பட்டுத் திறக்காமல் போவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் குறுகிய ரோமன் எழுத்து முகவரியைக் கையால் கொடுங்கள். தனிப் பதிவின் துண்டை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து வேர்ட்பிரஸ் தானே வழிமாற்றிவிடும். ஆனால் முகவரிக் கட்டமைப்பையே மொத்தமாக மாற்றினால் அதை முழுதாக நம்ப முடியாது, வழிமாற்றுப் பட்டியல் ஒன்று தனியாக வேண்டும்.

அடுத்தது தேடல். தளத்தின் தேடல் பெட்டி தட்டச்சிட்ட எழுத்துத் தொடரை உரைக்குள் அப்படியே தேடுகிறது. 'நூல்' என்று தேடினால் 'நூல்கள்' கிடைக்கும். 'நூலை', 'நூலின்' கிடைக்கா. வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் ல்-இன் மேலிருந்த புள்ளி போய்விடுகிறது, கணினிக்கு அது வேறு தொடராகிவிடுகிறது. தேடும் சொல்லின் இறுதிப் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டுத் தேடும்படி நாலு வரி நிரல் சேர்த்தால் நிலைமை வெகுவாகச் சீராகும். 'நூலகம்' என்பதும் உடன் வரும், வந்தால் வரட்டும். 'மரம்' 'மரத்தில்' ஆகும் இடத்தில் இந்தத் தந்திரமும் உதவாது. அதற்கு உருபனியல் (சொல் வடிவம் மாறும் விதம்) அறிந்த தேடுபொறி வேண்டும், சங்கத் தளத்துக்கு அவ்வளவு தேவையில்லை. இன்னொரு கண்ணி: பழைய மாற்றிகள் சிலவற்றின் வழியே வந்த உரையில், 'கொ' என்பதன் ஒற்றைக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பும் காலுமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. தேடலில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. உரை முழுவதையும் ஒருமுறை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறியின் இயல்பாக்க விதிப்படி (ஒரே எழுத்தை ஒரே வகையில் சேமிக்கும் விதி) ஓட்டிவிடுங்கள்.

எழுத்துரு பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருவின் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் இகரக் கொக்கியில் மோதும். எழுத்திடைவெளி கூட்டும் அலங்காரத்தையும் சாய்வெழுத்தையும் அறவே நீக்குங்கள். தளத்தின் மொழியமைப்பு ஆங்கிலம் என்றே இருந்தால், பார்வைக் குறைபாடுள்ளவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழை வாசிக்கத் தடுமாறும். அதைத் தமிழ் என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான் மிகவும் வருந்துவது துண்டறிக்கைக்குத்தான். நிகழ்ச்சி என்றால் வாட்ஸ்அப்புக்குச் செய்த வண்ணப் படத்தை எடுத்துத் தளத்திலும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்கிறோம். நாள், இடம், சிறப்புரையாளர் எல்லாம் படத்துக்குள் இருக்கின்றன. கூகளுக்கு அது ஒரு படம், தேடல் பெட்டிக்கு அது வெற்றிடம், திரைவாசிப்பானுக்கு மௌனம். கைப்பேசியில் இரு விரலால் இழுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும், அதிலும் கோப்பு 4 மெகாபைட் இருந்தால் அது திறப்பதற்குள் ரயில் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். படம் இருக்கட்டும், அதன் கீழே அதே செய்தியை ஐந்து வரியில் தட்டச்சிட்டு வையுங்கள். நீங்கள் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதைவிடப் பயனுள்ளதும் மலிவானதும் எனக்குத் தெரிந்து வேறில்லை.


ஓய்வுபெற்ற ஆசிரியை, அங் மோ கியோ | வெள்ளி, காலை 10.30

நிரலர் எழுதியதை அச்சிட்டு வைத்துக்கொண்டேன். ஒன்றில் மட்டும் உடன்பட மனம் வரவில்லை. முகவரியை ரோமன் எழுத்தில் வைப்பது வசதிதான். ஆனால் இணையத்தில் தமிழ் ஏறிய வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. 1995இல், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது தமிழை அங்கே தமிழாகவே காட்ட உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தமிழ் இணைய மாநாடுகளின் வரிசையும் 1997இல் இங்கேதான் தொடங்கியது. நாட்டின் உயர்நிலைக் களப்பெயரே (தள முகவரியின் இறுதிப் பகுதி) '.சிங்கப்பூர்' என்று தமிழிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 'கவிதை' என்பதை ரோமன் எழுத்தில் எழுது, இடம் பற்றவில்லை என்றால் எனக்குக் கசக்கிறது.

பழைய கட்டுரைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒருங்குறிக்கு முந்திய காலத்தில் நாங்கள் தட்டச்சிட்டவை, எழுத்துருவை நம்பிச் செய்தவை. இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் தெரிகின்றன. இன்றும் சில மூத்த எழுத்தாளர்கள் அப்படித்தான் கோப்பு அனுப்புகிறார்கள். அவர்களிடம் போய் எழுத்துருவை மாற்றுங்கள் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.


புக்கிட் பாஞ்சாங் நிரலர் | வெள்ளி, இரவு 7.20

கசப்பு எனக்கும் உண்டு, அம்மா. குற்றம் தமிழின் மேல் இல்லை, 200 இடம் போதும் என்று முடிவு செய்தவர்கள் மேல்தான். ஒரு நடுவழி சொல்கிறேன்: தமிழிலேயே வையுங்கள், ஆனால் தலைப்பு முழுவதையும் விட்டுவிட்டு ஒன்றிரண்டு சொற்களைக் கையால் கொடுங்கள். 'கவிதை' ஐந்தே குறி, 45 இடம்தான். வாட்ஸ்அப்பில் பகிர வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் எண் முகவரி இருக்கிறது; அது எந்த மொழியிலும் உடையாது.

பழைய குறியேற்றங்களுக்கு மாற்றிகள் உள்ளன. கோப்பு டிஸ்கியா, டேபா, பாமினியா என்று முதலில் அடையாளம் காண வேண்டும். பிழையான மாற்றியில் இட்டால் குப்பை இன்னொரு குப்பையாகும். மாற்றிய பிறகும் 'ஔ' வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள், ஔகாரக் குறியின் இடத்தில் ளகரம் உட்கார்ந்திருக்கும். மூத்த எழுத்தாளர்களை விட்டுவிடுங்கள்; கோப்பு வரும் இடத்தில் மாற்றும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்வதுதான் முறை.


புதிய செயலாளர், ஈசூன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.40

இங்கே பெற்ற உதவிக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தளம் எழுந்துவிட்டது. அதே வேர்ட்பிரஸ், இயல்பாக வரும் எளிய வார்ப்புரு. படக் கோப்புறையில் பதினேழு பிஎச்பி கோப்புகள் கிடைத்தன. சர்ச் கன்சோலில் அறிமுகமில்லாத உரிமையாளர் ஒருவர் இருந்தார். நீக்கினோம். கைப்பைகள் கூகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து வருகின்றன.

செயலவை இரண்டு மணி நேரம் விவாதித்து, கசிவு நிகழவில்லை என்று எங்களால் காட்ட இயலாது என்ற முடிவுக்கு வந்து, ஆணையத்துக்குத் தெரிவித்தோம். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களுக்கும் எழுதினோம். பலர் எழுதியதற்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் மட்டும், 'கவியரங்கத்துக்கு என் அடையாள அட்டை எண் எதற்கு?' என்று பதில் அனுப்பினார். அவருக்கு எழுதுவதற்கு மன்னிப்பைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

எதிர்பாராத இடி ஒன்றும் விழுந்தது. பழைய வார்ப்புருவோடு வந்த பக்கக் கட்டுநரை (பக்கங்களை வடிவமைக்கும் செருகுநிரல்) நீக்கியவுடன், அதைக் கொண்டு செய்த நாற்பது பக்கங்கள் சதுர அடைப்புக்குறிகளின் காடாக மாறிவிட்டன. கிளமெண்டித் தம்பி ஒரு சிறு நிரல் எழுதி அவற்றைக் களைந்து கொடுத்தார். 2016ஆம் ஆண்டுச் சிறுகதைப் பக்கங்கள் சில காப்புநகலிலேயே இல்லை. தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் தேடியபோது நான்கு கிடைத்தன. சிங்கப்பூர்க் களப்பெயர் கொண்ட தளங்களை அனுமதி கேட்டுக் காத்திராமல் சேகரிக்க 2019 ஜனவரி இறுதியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் வாரியத்துக்கு வழிசெய்தது என்று நூலகர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மற்றவை போனவை போனவைதாம்.

களப்பெயரைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றும் வேலை நடக்கிறது. புதிய நிர்வாகத் தொடர்பாளராக என்னையே போட்டிருக்கிறார்கள். இங்கே களப்பெயருக்கு அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக அடையாளத்தை உறுதிப்படுத்த 21 நாள் கெடு உண்டு என்பதால் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். நிர்வாகிக் கணக்குகள் பதினொன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளன, மற்றவர்கள் தொகுப்பாளர்கள். முன்னாள் தலைவர் ஒருவருக்கு இதில் மனவருத்தம், 'என்னை இறக்கிவிட்டீர்களா?' என்று கேட்டார். தொகுப்பாளராலும் எல்லாக் கட்டுரைகளையும் திருத்த முடியும், செருகுநிரல் மட்டும் நிறுவ முடியாது என்று விளக்கிய பிறகு சமாதானமானார்.

மாத அரை மணி நேரத்துக்கு உதவிச் செயலாளரின் பெயர் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது, ஐயா. வரும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குச் சமூக மன்றத்தில் கட்டுரை ஏற்றும் பயிற்சி வைத்திருக்கிறோம். துண்டறிக்கையின் கீழே ஐந்து வரியும் தட்டச்சிட்டிருக்கிறேன்.


இராக்காவல், செங்காங் | ஞாயிறு, இரவு 11.30

காப்புநகலை வேறோர் இடத்தில் விரித்து, தளம் உண்மையிலேயே எழுகிறதா என்று சோதித்தீர்களா?


புதிய செயலாளர், ஈசூன் | ஞாயிறு, இரவு 11.48

இல்லை. நாளைக்குச் செய்கிறேன்.


ஓய்வுபெற்ற ஆசிரியை, அங் மோ கியோ | திங்கள், காலை 7.15

நான் வேறு அமைப்பைச் சேர்ந்தவள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரலாமா? மடிக்கணினி இல்லை, கைப்பேசி போதுமா?


புதிய செயலாளர், ஈசூன் | திங்கள், காலை 7.40

தாராளமாக வாருங்கள், அம்மா. கைப்பேசி போதும். மின்னூட்டியை மட்டும் கொண்டுவாருங்கள். மன்றத்தில் செருகுமுனை வாசலுக்கு அருகில் ஒன்றுதான் இருக்கிறது, அந்த நாற்காலியை உங்களுக்கு வைத்திருக்கிறேன்.